6 தொகுதி, 4 கட்சி: கன்னியாகுமரி மட்டும் ஏன் தனி ரூட்டில் ஓட்டு போடுது?

2021 ஏப்ரல் 6. தமிழ்நாடு முழுக்க சட்டமன்றத் தேர்தல். கன்னியாகுமரி மாவட்ட மக்களுக்கு மட்டும் அன்னைக்கு இரண்டு ஓட்டு. எம்.பி.யாக இருந்த ஹெச்.வசந்தகுமார் 2020-ல் காலமானதால், மக்களவை இடைத்தேர்தலும் அதே நாளில் நடந்தது.

முடிவு என்ன தெரியுமா? எம்.பி. காங்கிரஸ். ஆனால் சட்டமன்றத்துக்கு?

• கன்னியாகுமரி – அதிமுக
• நாகர்கோவில் – பாஜக
• பத்மநாபபுரம் – திமுக
• குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் – காங்கிரஸ்

ஒரே மாவட்டம், ஆறு தொகுதி, நான்கு கட்சி. இது எப்படி?

திராவிட அலை இங்கே ஏன் அடிக்கவில்லை?

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரில் இருந்தவை. தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தை நடத்தியது மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடையில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் இணைப்பு நடந்தது. பிறகு அந்த இயக்கம் காங்கிரஸோடு கலந்துவிட்டது.

அதனால் இங்கே காங்கிரஸ் என்பது டெல்லிக் கட்சி மட்டும் இல்லை, 'நம்மளைத் தமிழ்நாட்டோடு சேர்த்த கட்சி'யும்கூட. 1967-ல் மாநிலம் முழுக்க திமுக அலை. 39 மக்களவைத் தொகுதியில் காங்கிரஸுக்குக் கிடைத்தது மூன்றுதான். அதில் ஒன்று நேசமணி நின்ற நாகர்கோவில். அவர் மறைவுக்குப் பிறகு 1969 இடைத்தேர்தலில் காமராஜரை ஜெயிக்க வைத்ததும் இதே தொகுதிதான். சொந்த ஊரான விருதுநகரில் அவர் தோற்று இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

பாஜக எப்படி வளர்ந்தது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி மாவட்டத்தில் இந்துக்கள் 48.7%, கிறிஸ்தவர்கள் 46.9%, இஸ்லாமியர்கள் 4.2%. இப்படி கிட்டத்தட்ட சரிபாதியாக இருக்கும் மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு இல்லை. 1982 மண்டைக்காடு கலவரம் இரு தரப்பு மனதிலும் ஆழமான தழும்பை விட்டுப்போனது. அதற்குப் பிறகு இந்து அமைப்புகளின் வேலை இங்கே வேகம் எடுத்தது. 1996-ல் பத்மநாபபுரத்தில் சி.வேலாயுதம் ஜெயித்தார். அவர்தான் தமிழ்நாட்டின் முதல் பாஜக எம்எல்ஏ.

அப்போ, மதம்தான் எல்லாமா?

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். மதம் மட்டும்தான் காரணம் என்றால், ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே முடிவுதானே வரணும்? கொஞ்சம் இதைப் பாருங்க.

• 1999: பாஜகவின் பொன்.ராதாகிருஷ்ணன் வெற்றி. அப்போது கூட்டணியில் இருந்தது திமுக.
• 2004: மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ.வி.பெல்லார்மின் வெற்றி. திமுக, காங்கிரஸ் ஆதரவு அவருக்கு.
• 2009: திமுகவின் ஹெலன் டேவிட்சன்.
• 2014: மீண்டும் பொன்.ராதாகிருஷ்ணன்.
• 2019: காங்கிரஸின் வசந்தகுமார்.

பத்து, பதினைந்து வருஷத்தில் மக்களின் மதக் கணக்கு இவ்வளவு மாறாது. மாறியது கூட்டணிக் கணக்கு. 2014-ல் காங்கிரஸ், திமுக, அதிமுக மூன்றும் தனித்தனியாக நின்றன. மூன்றும் வாங்கிய ஓட்டைக் கூட்டினால் ஜெயித்தவர் வாங்கியதைவிட அதிகம். 2019-ல் காங்கிரஸும் திமுகவும் ஒரே அணி. வித்தியாசம் 2.5 லட்சத்துக்கும் மேல்.

கூட்டணி மட்டுமா? நடுவில் 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தது. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. தேடும் பணி தாமதமானதாகச் சொல்லி குழித்துறையில் ரயில் மறியல் நடந்தது. இனயம் துறைமுகத் திட்டத்துக்கும் கடற்கரையில் கடும் எதிர்ப்பு இருந்தது. அன்றைய கப்பல் துறை இணையமைச்சர் யார்? இதே தொகுதி எம்.பி. பொன்.ராதாகிருஷ்ணன்தான். இதையெல்லாம் 'சர்ச் சொன்னதால் போட்ட ஓட்டு' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியுமா?

முத்திரை குத்துவதில் என்ன ஆபத்து?

தேர்தல் முடிந்ததும் 'படிவம் 20' என்ற பட்டியல் வெளியாகும். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது அதில் இருக்கும். தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான். ஆனால் ஒரு தெரு, ஒரு மீனவ கிராமம் யார் பக்கம் நின்றது என்று கட்சிக்காரர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடலாம்.

'இது நம்ம ஊர்' என்று ஒரு கட்சியும், 'இது அவங்க ஊர்' என்று இன்னொரு கட்சியும் முடிவு செய்துவிட்டால், அந்த ஊரின் தூண்டில் வளைவையும் குடிநீரையும் பற்றிப் பேச யாருக்கும் அவசரம் இருக்காது. ஒருத்தருக்கு ஓட்டு எப்படியும் வரும், இன்னொருத்தருக்கு எப்படியும் வராது.

கன்னியாகுமரி ஒரு கட்சிக்கோ ஒரு மதத்துக்கோ எழுதிக்கொடுத்த மாவட்டம் இல்லை. அடுத்த முறை யாராவது 'அந்த ஊர் ஓட்டு இவங்களுக்குத்தான்' என்று சொன்னால், எந்த வருஷக் கணக்கு என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.