கொழும்பிலிருந்து வந்த மாத்திரை



கொழுந்து எடுக்கும்போது திடீரென உடம்பு தணலாய் எரியுதா? இராத்திரி வியர்த்துத் தூக்கம் கெடுதா? நாற்பதுக்குப் பிறகு, மாதவிடாய் நிற்கப் போகும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் ஏறி இறங்குவதால் இப்படி வரும். இது செய்வினை அல்ல.

போன தீபாவளிக்கு, வெள்ளவத்தையில் வீட்டு வேலை செய்யும் மகள் ஒருத்தி, அந்த வீட்டு அம்மா குடிக்கும் ஓமோன் மாத்திரையைத் தன் தாய்க்குக் கொண்டுவந்தாள். கொட்டாஞ்சேனைக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளும் இப்படிக் கொண்டுவருவதுண்டு. பாசம்தான். ஆனா குடிக்காதீங்க.

அந்த வீட்டு அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு. அவருக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை உள்ளவர் அதை மட்டும் குடித்துவந்தால் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரலாம். புரொஜெஸ்டரோன் வகை மருந்தும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பாரிசவாதம் வந்தவர்களுக்கு இந்த மாத்திரையே பொதுவாகக் கொடுப்பதில்லை. மற்றவர்களுக்கு, 60 வயதுக்கு முன் டொக்டர் பார்த்துக் கொடுத்தால், பெரும்பாலும் நன்மையே அதிகம். மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் வேறு.

35 வயதைத் தாண்டிய பெண்களுக்காக 1996இல் அரசாங்கம் தொடங்கிய வெல் வுமன் கிளினிக்கில் பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பை வாய் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். மிட்வைப் அம்மாவிடம் கிளினிக் நாளைக் கேளுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து இரத்தம் பட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே டொக்டரிடம் போங்கள்.