ஒரே மரம்... உயரம் ஏற ஏற இலை மட்டும் மாறுவது ஏன்?

ஹவாய் தீவுகளில் 'ஓஹியா' என்றொரு மரம் உண்டு. எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில்கூட முதல் ஆளாக முளைக்கும். கடலோரத்திலும் இருக்கும், 2,000 மீட்டர் உயர மலைச்சரிவிலும் இருக்கும். ஆனா இலையைப் பார்த்தால் ஒரே மரம்னு நம்ப மாட்டீங்க. கீழே பெரிய, வழவழப்பான இலை. மேலே போகப் போக இலை சின்னதாகி, அடிப்பக்கம் வெல்வெட் துணி மாதிரி ரோமம் அடர்ந்திருக்கும்.

சின்ன இலையால் என்ன லாபம்?

மேகமில்லாத இரவில் இலையின் வெப்பம் வானத்தை நோக்கி வெளியேறும். இலை பெரிதாக இருந்தால், சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். உறைபனியில் கருகும் ஆபத்தும் கூடும். சின்ன இலை காற்றிலிருந்து சட்டென வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அடர்ந்த ரோமம் இருந்தால் குட்டிப் பூச்சிகளுக்கும் இலையைக் கடிப்பது சிரமம்.

குளிரால் வந்த மாற்றமா, பிறவிக் குணமா?

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். வெவ்வேறு உயரங்களைச் சேர்ந்த ஓஹியா செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்த்தார்கள். 1998இல் முடிவு வெளியானது. ஒரே மண், ஒரே வெயில் கிடைத்தும், உயரத்துச் செடிகளின் இலை சின்னதாக, ரோமத்தோடுதான் இருந்தது. அதாவது இந்த இரண்டும் மரபணுவில் இருப்பவை. ஆனால் இலையின் தடிமனில் இருந்த வித்தியாசம் தோட்டத்தில் காணாமல் போனது. அது சூழலால் வந்தது.

மரபணுவில் எப்படி வந்தது?

'குளிருது, இலையைச் சுருக்கிக்கலாம்' என்று எந்த மரமும் முடிவெடுப்பதில்லை. முளைக்கும் கன்றுகளில் இலை கொஞ்சம் பெரிசும் சிறிசுமாக இருக்கும். மலைமேல் தாக்குப்பிடித்தவை மட்டுமே வளர்ந்து விதை விடும். பல தலைமுறைகள் இப்படியே போனால், அந்த உயரத்துக்கு ஏற்ற இலையே நிலைத்துவிடும். இதுதான் இயற்கைத் தேர்வு.

இப்போது இது ஏன் முக்கியம்?

'ஓஹியா திடீர் மரணம்' எனப்படும் பூஞ்சை நோயால் ஹவாயில் லட்சக்கணக்கான ஓஹியா மரங்கள் பட்டுப்போயிருக்கின்றன. காட்டை மீட்கக் கன்று நட்டால் மட்டும் போதாது. கடலோர விதையில் வந்த கன்றை மலைமேல் நட்டால், அதன் மரபணுவில் இருப்பது கடலோர இலைதான். அதனால் 'எந்த மரம்' என்பதோடு, 'எந்த உயரத்து விதை' என்றும் பார்த்துத்தான் நட வேண்டும்.