காபியும் கடிதமும்

அமெரிக்க மருத்துவர் சங்கத்துக்குத் துணையாக, 1922-இல் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர்களின் மனைவியர் ஒரு சங்கம் கண்டனர். சுகாதாரப் பிரசாரம் செய்தனர். செவிலியர் படிப்புக்கு உதவினர். பாராட்டுகிறோம்.

ஆனால் 1961-இல் நடந்ததென்ன? முதியோரின் ஆஸ்பத்திரிச் செலவைச் சமூகப் பாதுகாப்பு நிதி ஏற்கும் என்ற மசோதா வந்ததும், அதே மாதரசிகள் அண்டை வீட்டாரைக் காபிக்கு அழைத்தனர். நடிகர் ரொனால்டு ரீகன் பேசிய இசைத்தட்டைச் சுழலவிட்டனர். மசோதாவை எதிர்த்து நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதத் தூண்டினர்.

தட்டு ஓய்ந்தது, சட்டம் வந்தது! 1965 ஜூலை 30-இல் ஜான்சன் கையொப்பமிட, 'மெடிகேர்' பிறந்தது. 65 வயது கடந்தோர் பயன்பெற்றனர்.

தோழர்களே! கருணை வேறு, உரிமை வேறு. கருணை காட்டிய கைகளே உரிமையை மறித்தன. எனினும் வீடுவீடாய் ஆள்சேர்த்த அவர்தம் உழைப்பைக் கற்போம், நோக்கத்தைத் தள்ளுவோம்!