குதிரைகள் தாங்கும் கூரை

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசரின் முயற்சியால் தோன்றியது. தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அவ்வீதியின் மேற்கு முனையைக் கடந்து, கிழக்கேகோட்டை வாயில் வழியே பத்மநாபசுவாமி கோயிலை நோக்கிச் சென்றால், ஓட்டுக் கூரை வேய்ந்த இரண்டடுக்கு மாளிகை ஒன்றைக் காணலாம். புத்தன் மாளிகை என்பது அதன் பெயர். மக்கள் வழங்குவது குதிரமாளிகை என்றே.

1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா இதனைக் கட்டுவித்தார். 1837இல் திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்தை நிறுவியவரும் அவரே. அவர் 33ஆம் வயதில் மறைந்தபின் மாளிகை நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. இன்று அதன் ஒரு பகுதி அரும்பொருட்காட்சி நிலையமாக விளங்குகிறது.

தென்புறக் கூரையின் கீழுள்ள மரத் தாங்கிகளில் 122 குதிரைகள் செதுக்கப்பட்டுள்ளன. இவை வெறும் அலங்காரமென்று கருதுதல் தவறு. கூரையின் கைமரங்கள் சுவருக்கு வெளியே நீளும்போது, ஓட்டின் பாரத்தால் அவற்றின் நுனிகள் தாழ முற்படும். தாங்கிகள் அப்பாரத்தை ஏற்றுச் சுவருக்குச் செலுத்துகின்றன. ஆகவே இறவாரத்தை நன்கு நீட்டி அமைக்க இயலுகிறது.

இதன் பயன் யாது? ஆண்டில் இருமுறை பருவமழை பெறும் நகரம் இது. நீண்ட இறவாரம் சாரலைச் சுவரினின்று விலக்குகிறது. திருவனந்தபுரம் ஏறத்தாழ 8½ பாகை வட அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் மாதத்திலுங்கூட நடுப்பகற் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கும். அவ்வெயிலும் தென்சுவரின் மேற்பகுதியை எட்டாதவாறு இறவாரத்தின் நிழல் காக்கிறது.

இத்தகைய கட்டிடத்தின் பகை பெரும்பாலும் சிறிதாகவே தொடங்குகிறது. ஓர் ஓடு விலகினால் மழைநீர் கைமரத்தின் வழியே இறங்கித் தாங்கியின் பொருத்துவாயில் தேங்கும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நிலைத்திருக்குமாயின் பூஞ்சணம் பற்றும், கறையானும் நாடிவரும். மரம் உளுத்தபின் சிற்பம் மட்டுமன்று, கூரையின் விளிம்பும் உடன் தாழும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்த ஓர் ஓட்டைக் கவனிப்பார் இலர் என்பதே பேராபத்து.

ஆதலின் பழங்கட்டிடப் பாதுகாப்பு, வண்ணம் பூசுவதில் அன்று, மழைக்கு முன் ஓடு மாற்றுவதில் தொடங்குகிறது. ஆசிரியர்கள் தம் ஊரிலுள்ள பழைய ஓட்டு வீடொன்றுக்கு மாணவரை அழைத்துச் சென்று, இறவாரத்தின் நீளத்தையும் நண்பகலில் சுவர்மீது விழும் நிழலின் ஆழத்தையும் அளக்கச் செய்யலாம். கட்டிய தச்சரின் கணக்கு அப்பொழுது தெளிவாகப் புலப்படும்.