புரோட்டீனுக்கு மாசம் 690 ரூபாய் போதுமா?

போன மாசம் சாப்பாட்டு ஆப்புக்கு எவ்வளவு போச்சுன்னு கூட்டிப் பாருங்க. அவ்வளவு கொடுத்தும் வந்தது பெரும்பாலும் பரோட்டா, ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ். எல்லாமே மாவுச்சத்து. குறையுறது புரதம்.

ஐசிஎம்ஆர் கணக்குப்படி உடல் எடையில கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேணும். 60 கிலோ இருக்கற ஒருத்தருக்கு நாளைக்கு சுமார் 50 கிராம். 300 கிராம் அரிசி சமைச்சு சாப்பிட்டா அதுலயே 20 கிராம் வந்துடும். மீதி 30 கிராமுக்குத்தான் பட்ஜெட் போடணும்.

பாக்கெட் விலையைப் பார்க்காதீங்க, 10 கிராம் புரதத்துக்கு எத்தனை ரூபாய்னு பாருங்க. முட்டை 7 ரூபாய்னு வச்சுக்குங்க. ஒண்ணுல 6 கிராம், அப்போ 10 கிராமுக்கு 12 ரூபாய். 200 கிராம் பன்னீர் 90 ரூபாய்னா, 25 ரூபாய். பாசிப்பயறு கிலோ 120 ரூபாய்னா வெறும் 5 ரூபாய்! (இதுக்கு யாரும் விளம்பரம் எடுக்க மாட்டாங்க.) அரிசியில குறையுற லைசின் பயறுல நிறைய இருக்கு, அதனால ஜோடியும் சரி.

தினம் ரெண்டு முட்டை, 75 கிராம் பயறு: 30 கிராம் புரதம், 23 ரூபாய். மாசத்துக்கு 690. முட்டை சாப்பிடாதவங்க பயறோட வேர்க்கடலை, தயிர் சேர்த்துக்கலாம்.

உங்க ஏரியா விலையைப் போட்டு கணக்கை மாத்திக்குங்க. கிட்னி பிரச்சினை இருக்கறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு அளவை முடிவு பண்ணுங்க.