காயமுற்றார்க்கு மாற்றுத் தேடுதல்

கூடைப்பந்தைக் கற்பனையால் ஆடும் ஒரு முறை இற்றைநாளில் மாணவரிடையே பரவியுள்ளது. நண்பர் எண்மர் அல்லது பதின்மர் கூடி, அமெரிக்காவின் என்.பி.ஏ. குழுக்களில் ஆடும் மெய்யான ஆட்டக்காரரை முறைவைத்துத் தத்தம் குழுவிற்கெனத் தெரிந்தெடுத்துக்கொள்வர். அவர்கள் ஆங்கே ஈட்டும் புள்ளிகளும், கூடையில் விழாது மீளும் பந்தைக் கைப்பற்றுவதும், தோழர்க்குப் பந்தீந்து துணைநிற்பதும் ஈங்கே நம் கணக்கில் வரவாகும். பொருள் வைத்து இவ்வாறு இணையத்தில் ஆடுவதை 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் விலக்கியது. அதனால் நமக்கு யாதொரு நட்டமுமில்லை; தென்காசியிலும் குற்றாலத்திலும் உள்ள நம் மாணவ நண்பர்க்கு ஓர் ஏடும் எழுதுகோலும் போதும்.

பருவத் தொடக்கத்தில் குழு அமைப்பதில் பலரும் வல்லவரே. நடுவில் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு களத்தினின்று நொண்டிச் செல்லும்போதுதான் குழுவுடையானின் அறிவு சோதிக்கப்படும். அப்பொழுது நாம் யாது செய்கின்றோம்? எவரும் எடுக்காது விட்டவர்களுள் புகழ்மிக்க பெயர் எதுவெனத் தேடுகின்றோம். இது பிழை என்று கூறவே இக்கட்டுரை எழுந்தது. காலியானது ஒரு பெயரன்று, ஒரு வேலை. அவ்வேலை யார் கைக்கு மாறுகின்றது என்பதே வினா.

கணக்கைப் பாருங்கள். ஆட்டம் 48 நிமிடம். ஒரு குழுவில் ஐவர் களத்தில் நிற்பர். ஆகவே பங்கிடத்தக்க நிமிடங்கள் 240. எவன் வீழினும் இத்தொகை குறைவதில்லை. நாடோறும் 36 நிமிடம் ஆடியவன் அமர்ந்துவிட்டால், அந்த 36 நிமிடமும் வேறு எவரிடமோ போய்ச் சேர்ந்தே தீரவேண்டும். குற்றாலத்துச் சாரற்காலத்தில் இதனை நாம் கண்ணாரக் காண்கின்றோம். பேரருவியில் வெள்ளம் மிகுந்து குளிக்கத் தடை விதிக்கப்பட்டால், வந்த கூட்டம் கரைந்து மறைவதில்லை. எந்த அருவி திறந்திருக்கின்றதோ அதனை நாடிச் செல்கின்றது. சில நாட்களில் சிறிய புலியருவியே அக்கூட்டத்தை ஏற்க வேண்டியதாகும். எண்ணெய்க் குப்பியோடு நிற்கும் வணிகன் அன்று அருவியின் பெருமையையா நோக்குவான்? கூட்டத்தின் போக்கையன்றோ நோக்குவான்!

ஆயினும் ஒருவன் விட்ட நிமிடம் முழுதும் ஒருவனுக்கே வந்துவிடும் என்றெண்ணலாகாது. கூடையருகே நிற்கும் நெட்டையன் காயமுற்றால் அவ்விடத்துக்கு உரிய உயரமுடையார் குழுவில் சிலரே இருப்பராதலின், பெரும்பங்கு அடுத்த நெட்டையனையே சேரும். அவனைத் துணிந்து எடுக்கலாம். பந்தை நடத்திச் செல்பவன் காயமுற்றாலோ, புதிதாக அவ்விடத்தில் இறங்குபவனுக்கு நிமிடங்கள் கிடைக்கும், பந்து கிடைக்காது. பந்து முன்னமே பேர்பெற்ற தோழர் கைக்குச் சென்றுவிடும். ஆதலின் முதல் ஆட்டத்தில் ஒருவன் 20 புள்ளி எடுத்தான் என்று மயங்காது, எத்தனை நிமிடம் ஆடினான், எத்தனை முறை கூடையை நோக்கி எறிந்தான் என்பவற்றையே காண்க. எறிந்த பந்தெல்லாம் விழுவது ஒரு நாட் செயல். எறிய விடப்படுவது பயிற்றுநரின் தீர்மானம்.

காயத்தின் தன்மையும் அறியத்தக்கது. கணுக்கால் சுளுக்கு சில நாளிலோ சில வாரத்திலோ ஆறும். அதற்காக ஒரு நல்ல ஆட்டக்காரனை நீக்கிவிட்டுப் பின் வருந்துவோர் பலர். முழங்காலின் உட்டசைநார் அறுந்ததாயின் அப்பருவம் முடிந்ததென்றே கொள்ளலாம்.

இனி, நம் நாட்டார் நன்கறிந்த ஒரு சான்று கிரிக்கெட்டில் உண்டு. 2020-21ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா சென்ற இந்தியக் குழு காயங்களால் சிதைந்தது. பிரிஸ்பேனில் 2021 சனவரி 15ஆம் நாள் இறுதி டெஸ்ட் தொடங்கியபோது பும்ரா இல்லை, அசுவின் இல்லை, ஜடேஜா இல்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியினரான நடராஜனும், சென்னையினரான வாஷிங்டன் சுந்தரும் அன்று முதன்முறையாக டெஸ்ட் ஆடினர். வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்கென்றே நடராஜன் அழைத்துச் செல்லப்பட்டிருந்தார். ஒருவர்பின் ஒருவராகப் பிறர் காயமுறவே மூவகை ஆட்டத்திலும் அச்சுற்றுப்பயணத்திலேயே அடியெடுத்து வைத்தார்.

சுந்தரின் தேர்வே நம் பொருளுக்கு மிகவும் உரியது. சுழற்பந்தில் அவரினும் பேர்பெற்ற குல்தீப் யாதவ் குழுவிலேயே இருந்தார். சுந்தரோ மூன்றாண்டுக்கு மேலாக முதல்தர ஆட்டமே ஆடாதவர். எனினும் அசுவினும் ஜடேஜாவும் விட்டுச்சென்ற வேலை பந்து வீசுதல் மட்டுமன்று; பின்வரிசையில் மட்டை பிடித்து நிற்றலும் அவர்தம் வேலையே. அவ்விரண்டையும் செய்யவல்லார் எவர் என்று வினவியோர்க்குச் சுந்தரே விடையானார். நடராஜனும், சுந்தரும், மற்றொரு மாற்றாளரான சர்துல் தாக்கூரும் முதற்சுற்றில் மும்மூன்று விக்கெட் வீழ்த்தினர். பின் இந்தியா 186 ஓட்டத்துக்கு 6 விக்கெட் இழந்து தத்தளிக்கையில், சுந்தர் 62, தாக்கூர் 67 எடுத்து, இருவரும் சேர்ந்து 123 ஓட்டம் குவித்தனர். 1988 முதல் ஆஸ்திரேலியர் தோல்வியே காணாத அக்களத்தில் சனவரி 19ஆம் நாள் இந்தியா 3 விக்கெட்டால் வென்றது.

ஒருவன் வலியில் மற்றொருவன் வாழ்வு தொடங்குவது இவ்விளையாட்டின் கசப்பான இயல்பு. 2021 மார்ச்சு 28ஆம் நாள் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராக இறுதி ஓவரை வீசி வெற்றி தேடித்தந்த நடராஜனுக்கும் அடுத்த திங்களிலேயே முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் இடத்துக்கும் வேறொருவர் தேடப்பட்டார்.

என்.பி.ஏ. ஆட்டங்கள் பெரும்பாலும் நமக்கு விடியற்காலையில் நடப்பன. அவ்வேளையில் விழித்தல் அரிதென்போர், சாரற்காலத்தை ஒட்டி நடைபெறும் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களைக் கொண்டு பழகலாம். அவற்றுட் சில பல ஆண்டுகளில் திருநெல்வேலிச் சங்கர் நகர்க் களத்திலேயே நடந்துள்ளன. களத்தின் ஓரத்தில் அமர்ந்து, ஒருவர் காயமுற்று வெளியேறியதும் அவருடைய எஞ்சிய ஓவர்களைத் தலைவர் யாரிடம் கொடுக்கின்றார் என்பதை ஏட்டிற் குறித்து வருக.