முருகன் சூடிய செங்காந்தள்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் மலையடிவாரப் புதர்களிலும் வேலியோரங்களிலும் தீச்சுடர் போல் ஒரு மலர் விரியும். அதுவே செங்காந்தள், தமிழகத்தின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் முதலில் நிற்பது இதுதான். திருமுருகாற்றுப்படையோ முருகப்பெருமானின் திருமுடியில் காந்தட் கண்ணியைச் சூட்டி, அது வண்டும் மொய்க்காத மலர் என்கிறது. பச்சையாய் அரும்பி, மஞ்சளாகிப் பின் செந்நிறம் கொள்ளும் இதழ்கள் ஆறு. ஆறுமுகனுக்கு ஆறு இதழ் என்று அடியார் உள்ளம் மகிழ்வதில் வியப்பில்லை.

மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு எனப் பெயர் பெற்றது. வடமொழியில் வழங்கும் லாங்கலி என்ற பெயரும் கலப்பையைக் குறித்தே வந்தது. கண்வலிக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு என்றும் மக்கள் சொல்வர். மூட்டுவலிக்கும் தேள்கடிக்கும் இதனை அரைத்து மேற்பூச்சாக இட்டனர். உள்மருந்தாக்கும்போது சித்த வைத்தியர்கள் கிழங்கை நறுக்கி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்திச் சுத்தி செய்த பின்னரே கையாண்டனர். ஆயுர்வேதம் இதனை உபவிஷங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அவ்வளவு எச்சரிக்கை ஏன்?

இச்செடி முழுவதிலும் கொல்கிசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. கவுட் என்னும் கீல்வாதத்துக்கு இன்றைய மருத்துவர்கள் தருவதும் அதே பொருள்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர் பகுதிகளில் உழவர்கள் செங்காந்தளைப் பயிரிட்டு விதைகளை ஏற்றுமதிக்கு விற்பது இதன் பொருட்டே. ஆனால் மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவு. கிழங்கிலோ எவ்வளவு என்று கண்ணால் அறிய இயலாது.

இலங்கையில் இக்கிழங்கைச் சர்க்கரைவள்ளி என மயங்கி உண்டு உயிரிழந்தோர் உண்டு. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் பேதியும் தொடங்கும்; பின்னர் சிறுநீரகமும் இதயமும் தளரும். பிழைத்தவர்க்கும் தலைமுடி கொட்டிவிடும். முழங்கால் வலிக்கு முருகன் மலரின் கிழங்கு என்று எவரேனும் பொடி கொடுத்தால், முதியோர் வாங்கி உண்ணலாகாது. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு ஆபத்து இன்னும் அதிகம். தவறி உண்டுவிட்டால் மோர் கொடுத்துக் காலங்கடத்தாமல், எஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வேலியில் பூத்திருப்பதைக் கண்டு வணங்கத் தடையில்லை. பேரக்குழந்தைகள் விளையாடும் இடத்தில் மட்டும் அக்கொடியை வளர்க்க வேண்டாம்.